மாவேலிக்கு ஒரு கேசட்



இந்த மாதக் கடிதம் திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து. நாகர்கோவில் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில், சுற்றிச் சுற்றி ஏறும் அந்தச் செங்கல் சுருளில் எனக்கும் ஒரு மேசை கிடைத்துவிட்டது. விசிறித் தலைப்பாகைக்காரர் வைத்துப்போன மசால் தோசைக்குள், வழக்கம்போல, பீட்ரூட்.

டிசம்பர் அல்லவா, பக்கத்து மேசைகளில் கழுத்தில் அட்டை தொங்கும் திரைப்பட விழாக் கூட்டம். கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகள் அருகில்தான். எல்லோரும் கனமான படங்களைப் பற்றியே பேசுகிறார்கள். நேற்றிரவு நான் பார்த்த படத்தின் பெயரைச் சொல்ல வெட்கமாக இருந்தது: ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ஆடம் சாண்ட்லரின் ‘எய்ட் கிரேஸி நைட்ஸ்’, 2002இல் வந்த கார்ட்டூன் படம்.

படத்தின் பெயரில் உள்ள எட்டு இரவு, யூதர்களின் ஹனுக்கா பண்டிகையுடையது. நம் கார்த்திகை போல விளக்குதான் விசேஷம். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த ஜெப ஆலயத்தைச் சுற்றியிருந்த வீடுகளிலும் ஏற்றினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் மலையாளத்திலேயே யூதப் பாட்டுகள் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலானோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்குப் படங்கள் குவிந்து கிடக்க, ஹனுக்காவுக்கென்று பெரிய கம்பெனி எடுத்த படம் அபூர்வம். கிடைத்த இந்த ஒன்றிலும் கதாநாயகன் குடிகாரன், போக்கிரி. கக்கூஸ் நகைச்சுவை சகிக்கவில்லை. தோசையை முன்னால் வைத்துக்கொண்டு விவரிக்க மாட்டேன். நாயகன், அவனைத் திருத்தப் பார்க்கும் கிழவர், கிழவரின் சகோதரி மூவருக்கும் சாண்ட்லரே குரல். நடுநடுவே பாட்டு. போட்ட பணத்தைக்கூடப் படம் எடுக்கவில்லை. ஆனால் நாயகனின் சிறுவயதில், ஹனுக்கா நாளில் விபத்தில் இறந்துபோன பெற்றோர் எழுதிவைத்த வாழ்த்து அட்டையை அவன் பிரிக்கும் இடத்தில் என் கண் கலங்கியதை மறைப்பானேன்?

பண்டிகையை இப்படியா கேலி செய்வது என்று கேட்கலாம். நான் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடத்துக்கே ‘மாவேலி கஃபே’ என்று ஒரு பெயர் உண்டு. அந்த மாவேலியை, அதாவது மகாபலியைத்தான் 1990களில் நாதிர்ஷா, திலீப் என்ற மிமிக்ரிக் கலைஞர்களின் கோஷ்டி ‘தே மாவேலி கொம்பத்து’ கேசட்டில் படாத பாடு படுத்தியது. பாதாளத்திலிருந்து ஓலைக்குடையோடு வரும் மகாராஜாவைச் சுற்றி மிமிக்ரியும், சினிமா மெட்டில் பாரடிப் பாட்டுமாக வருஷா வருஷம் ஓணத்துக்கு வந்தது. மாவேலிக்கு மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. அத்தப்பூக் கோலமும் சத்யா விருந்தும் அப்படியேதான் இருக்கின்றன. சாண்ட்லர் படம் முக்கால்வாசி அசிங்கம் பேசிவிட்டுக் கடைசியில் உபதேசத்துக்குத் தாவுகிறது. மலையாளிகளின் கேசட்டுக்கு அந்தக் குற்ற உணர்ச்சி கிடையாது. எனக்குப் பிடித்தது அதுதான்.

நமக்கும் தலைதீபாவளி மாப்பிள்ளை இருக்கிறார். மாமனார் செலவில் மோதிரம் கேட்டு, மாமியார் செய்த மைசூர்பாகில் பல்லை உடைத்துக்கொண்டு, தலைமுறைகளாகப் பத்திரிகைகளுக்குச் சோறு போட்டவர். உங்கள் வீட்டுப் பண்டிகையில் நடந்த, இன்றும் சொல்லிச் சிரிக்கும் சங்கதி ஏதாவது இருந்தால் அரைப் பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். பொங்கல் இதழில் போடுகிறேன். மாப்பிள்ளையின் பெயரை மாற்றிவிடலாம்.

நாகர்கோவில் பஸ் வந்துவிட்டதாம்.

அன்புடன்,
ஆசிரியர்