தேதி போடாத காப்பிக்கொட்டை

பெங்களூரிலிருந்து வந்த மகள் வயிற்றுப் பேரன் கையோடு ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். கால் கிலோ, 650 ரூபாய். சிக்கமகளூர்ப் பக்கத்து எஸ்டேட் கொட்டையாம், இளம் வறுவலாம். "தாத்தா, கோல்ட் ப்ரூவுக்கு இதுதான் சரி" என்றான். உறையில் பூ மணம், பழ மணம் என்று ஒரு கவிதையே எழுதியிருந்தார்கள். என்றைக்கு வறுத்தது என்று மட்டும் எழுதவில்லை.

நான் அரசாங்க வேலையில் ஒன்பது வருஷம் தபால் பிரிவில் உட்கார்ந்தவன். தேதி இல்லாத கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றமாட்டேன், யார் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. வறுத்து நாலைந்து நாள் ஆன, மூன்று வாரம் தாண்டாத கொட்டையில்தான் காப்பி இருக்கிறது. அதற்குப் பிறகு இருப்பது பழுப்பு நிறம்.

எனக்கு இந்தக் குளிர்காப்பி ஆசையால் வந்ததில்லை. பாலையும் சர்க்கரையையும் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். சூடான கறுப்புக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறிய காப்பியில் கசப்பும் புளிப்பும் மட்டு. சர்க்கரை இல்லாமல் குடிக்க முடிகிறது. நம் வயதில் பலருக்கு இதே கதைதான், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆனால் இதற்கென்று விலை உயர்ந்த கொட்டை வாங்குவது வீண். இளம் வறுவலுக்குக் கொடுக்கிற காசு அதன் பூ மணத்துக்கும் பழப் புளிப்புக்கும். அவற்றை வெந்நீர் இழுக்கிற அளவுக்குப் பச்சைத் தண்ணீர் இழுக்காது. பேரன் கொட்டையை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தோம். வெந்நீரில் அருமை, பொய் சொல்லமாட்டேன். ஊறவைத்ததில் வெறும் தேயிலைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, எதை வாங்குவது? நம் ஊர் அரைவைக் கடையில் கிடைக்கிற பிளாண்டேஷன் ஏ போதும். பிளாண்டேஷன் என்றால் பழத்தைத் தோலுரித்துக் கழுவிக் காயவைத்த அராபிகா. நடுத்தரத்துக்குச் சற்று மேலே வறுத்ததாகக் கேளுங்கள். பீபெரிக்கு அதிக விலை சொல்வார்கள். பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே விதை உருண்டையாக விளைந்தால் பீபெரி, பிரெஞ்சில் கரக்கோலி. அது உருவம், குணம் அல்ல. ஊறவைப்பதற்கு அந்த உருண்டைக்குத் தனிக் காசு கொடுக்கவேண்டியதில்லை.

மான்சூன்ட் மலபார் என்று ஒன்று உண்டு. மேற்குக் கரையில் மழைக்காலத்தில் ஈரக்காற்றுப் படவிட்டு, கொட்டை ஊதி வெளிறி, புளிப்புப் போய்விடும். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்காகப் போனபோது தானாக வந்த ருசி அது. நான் மாஹேயில் இரண்டு வருஷம் இருந்தவன். அந்த ஜூன் மழையில் என் கோப்பும் செருப்பும் ஒன்றாகப் பூத்தன, ஆகவே அந்த வாசனை எனக்கு ஆகாது. வயிற்றில் புளிப்பு ஏறுகிறவர்கள் வாங்கிப் பார்க்கலாம்.

ரொபஸ்டா விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. மலிவு, கெட்டியாகவும் இருக்கும். ஆனால் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன். குளிர்ந்து மிருதுவாக இருப்பதால் எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு விடியவிடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், நெஞ்சு படபடவென்று அடித்தது. 'வயிற்றுக்கு இதமானது' என்று விற்கிறவர்கள் இதை ஏன் சொல்வதில்லை?

அடுத்தது சிக்கரி. நெப்போலியன் 1806ல் இங்கிலாந்துச் சரக்கைத் தடுத்தபோது காப்பி கிடைக்காமல் பிரான்ஸ் சிக்கரிக்குப் போன கதையைச் சரித்திர முசே எங்களுக்கு நடத்தினார். வீட்டுக்கு வந்தால் அம்மாவின் பித்தளை ஃபில்டரில் அதே சிக்கரி. அதை நான் பழிக்கமாட்டேன், நியூ ஆர்லியன்ஸில் சிக்கரி சேர்த்தே குளிரவைத்துக் குடிக்கிறார்கள். ஆனால் கலப்புத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. உறையில் அளவு போட்டிருக்கும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள். நான் கொட்டையாக வாங்கு என்று சொல்வதே இதற்காகத்தான். கொட்டைக்குள் சிக்கரியை ஒளிக்க முடியாது.

அரைவை ரவைப் பதத்தில் இருக்கவேண்டும். ஃபில்டர் தூள் போட்டால் சேறுதான் மிஞ்சும். 100 கிராமுக்கு 800 மில்லி தண்ணீர், ஃபிரிட்ஜில் 14 மணி நேரம். நம் ஊர் மே மாதத்தில் வெளியே வைக்காதீர்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, சம அளவு தண்ணீர் சேர்த்தால் ஆயிற்று.

கடைப் பையன் முதல் தடவை, "ஐயா, இவ்வளவு கொரகொரப்பா அரைச்சா டிகாஷன் இறங்காது, அப்புறம் திருப்பிக் கொண்டாராதீங்க" என்றான். இப்போது என்னைக் கண்டாலே மிஷினைத் திருகி வைத்துவிடுகிறான். வறுத்த தேதியைப் பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதியும் கொடுக்கிறான்.

பேரன் அடுத்த மாதம் வேறு எஸ்டேட் கொட்டை கொண்டுவருகிறானாம். தேதி பார்த்து வாங்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.