பொன்னாடை மட்டும் போதாது

மே 12 சர்வதேச தாதியர் தினம். அது புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். அவரைப் பற்றி எமது பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள், படிக்கட்டும். ஆனால் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு தாதியும் இருக்கிறார். அவர் பெயர் சிபில் கார்த்திகேசு.

1899இல் சுமாத்திராவின் மேடான் நகரில், ஐரோப்பிய ஆசியக் கலப்புக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பயிற்சி பெற்று, 1919இல் மலாயாவில் டொக்டர் கார்த்திகேசு என்ற தமிழரை மணந்தார். முதற்பிள்ளை பிறந்து ஒரு நாள் முடியுமுன்பே இறந்துபோனது. அந்தத் துயரத்தோடு, வில்லியம் பிள்ளை என்ற ஆண் குழந்தையை எடுத்து வளர்த்தார். பின்பு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தபோதும் வில்லியமே அவருக்கு மூத்த மகன்.

1926 முதல் ஈப்போ நகரில் கணவரோடு சேர்ந்து மருத்துவ நிலையம் நடத்தினார். சீன நோயாளரோடு அவர்கள் மொழியிலேயே பேசினார். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வந்தபோது குடும்பம் பப்பான் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கேயும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். காயப்பட்டு வந்த எதிர்ப்புப் போராளிகளுக்கும் இரகசியமாக மருந்திட்டார். அதே ஆண்டுகளில்தான் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம் ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். அவர்களும் எம்மைப் போல் லயத்தில் வாழ்ந்தவர்களே.

1943இல் அவர் கைதானார். கணவரும் வில்லியமும் சிறைப்பட்டார்கள். யார் யாருக்கு மருந்து கொடுத்தாய் என்று கேட்டுச் சித்திரவதை செய்தார்கள். சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1945இல் விடுதலை கிடைத்தது, உடல் தேறவில்லை. பிரித்தானியாவில் ஜோர்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். சில மாதங்களில், 1948 ஜூன் 12 அன்று, 48 வயதில் கண்மூடினார். இன்று ஈப்போவில் அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது.

இந்தக் கதையைக் கடுகண்ணாவையில் இருந்துகொண்டு நாம் ஏன் சொல்கிறோம்? நோயாளியைக் கவனிப்பது, பெறாத பிள்ளையை வளர்ப்பது, ஊருக்கு உழைப்பது என்று அவர் செய்த மூன்றையும் எமது தோட்டங்களிலும் பெண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு லயத்தில் மூன்று தலைமுறைக்குப் பிரசவம் பார்த்த மருத்துவிச்சி இருக்கிறார். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனதும் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைக் காக்கும் ஆயா இருக்கிறார். மகள் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளை இடுப்பில் சுமக்கும் அம்மாயி இருக்கிறார். இவர்களுக்கு விழாவில் பொன்னாடை போர்த்துகிறோம். அது நல்லதுதான். ஆனால் மரியாதை அதோடு முடிந்துவிடக் கூடாது. சேவைக்குச் சம்பளமும் சட்டமும் வேண்டும்.

முதலாவது, தோட்ட வைத்திய நிலையங்களை அரசாங்கச் சுகாதார சேவை முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும். நடுநிசியில் வயிற்றுவலி வந்த கர்ப்பிணியை முச்சக்கரவண்டியில் ஏற்றிப் பேராதனைக்கோ கண்டிக்கோ கொண்டுபோவதை விதி என்று விட்டுவிட முடியாது. தமிழ் பேசும் தாதியும் மருத்துவிச்சியும் நமக்கு வேண்டும்.

இரண்டாவது, அந்தத் தாதிகள் எங்கிருந்து வருவார்கள்? தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் சித்தியடைந்திருக்க வேண்டும். தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளிலோ விஞ்ஞானப் பிரிவு அரிது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு பத்தாம், பதினோராம் வகுப்போடு அடைபடுகிறது. ஆகவே விஞ்ஞான ஆசிரியர் கேட்பதும் ஆய்வுகூடம் கேட்பதும் தொழிற்சங்கக் கோரிக்கைகளே.

மூன்றாவது, பிள்ளைமடுவத்து ஆயாவின் வேலையும் தொழில்தான். நியாயமான சம்பளமும் சேமலாப நிதியும் அவருக்கும் உரியவை.

நான்காவது, பிறர் பிள்ளையை வளர்ப்பவர்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கத் தேவையில்லை. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புச் சட்டம் தத்தெடுப்பதற்கு மட்டுமல்ல, பெற்றோர் அல்லாத பராமரிப்பாளரைப் பதிவு செய்வதற்கும் இடம் தருகிறது. கையில் பத்திரமில்லாமல் வளர்த்தால், பாடசாலையில் சேர்க்கும்போதும் அடையாள அட்டை எடுக்கும்போதும் அலைச்சல் பிள்ளைக்குத்தான். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கண்டு உரிய வழியைக் கேளுங்கள். தனியே போகத் தயங்கினால் தோட்டத் தலைவரையோ மாதர் சங்கத் தலைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் லயத்தில் இப்படி ஒரு பிள்ளை வளர்ந்தால், அந்த வீட்டாரின் சம்மதத்தோடு மாதர் சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள். வளர்க்கும் கைக்கு வேண்டிய பத்திரத்தை எடுத்துக் கொடுப்பது சங்கத்தின் வேலை.