ஒரு ‘சரி’ குறி ஐந்து வேலைகளை முடித்துவிடுமா?

சென்ற பருவத்தில் எங்கள் குழுத் திட்டப்பணிக்காகச் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் சிறு கருவி ஒன்றைச் செய்தோம். உதிரிபாகங்களை ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் வாங்கத் திட்டமிட்டோம். குழுவினர் பகிர்ந்துகொண்ட கோப்பில் ‘பொருள் வாங்குதல்’ என ஒரு தலைப்பு. அதன்கீழ் ஈரப்பத உணர்கருவி, ரிலே, கம்பி, பம்ப், மின்கலப் பெட்டி என ஐந்து தேர்வுப்பெட்டிகள்.

முதல் மூன்றையும் வாங்கிய நண்பர், தம் பங்கு முடிந்தது என்று தலைப்புக்கு எதிரே இருந்த பெட்டியைத் தட்டினார். எடிட்டரில் கூடுதல் வசதிக்காக நாங்கள் சேர்த்திருந்த செருகுநிரல், கீழிருந்த ஐந்துக்குமே ‘சரி’ போட்டுவிட்டது. மற்ற இரண்டையும் வாங்கக் கிளம்பிய நான், கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு, ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையத்திலிருந்தே வீடு திரும்பினேன். மறுநாள் காலை படைப்பின்போது பம்ப் இல்லை. கருவி ஓடவில்லை, மதிப்பெண்ணும் போயிற்று.

கவனக்குறைவு எங்களுடையதுதான். ஆனால், செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டுவது மென்பொருளின் தவறு. கிளைப் பணிகளின் நிலையைக்கொண்டு தலைப்பின் நிலையைக் கணக்கிடலாம். தலைப்பைக்கொண்டு கிளைகளைக் கணக்கிட முடியாது. தலைப்பைத் தட்டியதும் எல்லாவற்றையும் மாற்றினால், எது முடிந்தது, எது முடியவில்லை என்ற தகவலே அழிந்துவிடுகிறது.

இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003ல் உருவாக்கிய ‘ஆர்க் மோட்’ எனும் ஈமேக்ஸ் எடிட்டர் நிரலில் தலைப்புப் பெட்டிக்கு மூன்று நிலைகள்: காலி, பாதி, முழுமை. கிளைகளில் சில மட்டும் முடிந்திருந்தால் ஒரு சிறு கோடு தோன்றும். விரும்பினால் ‘3/5’ என்ற கணக்கையும் காட்டும். அன்று அந்தக் கோடு தெரிந்திருந்தால் நான் திரும்பியிருக்க மாட்டேன்.

‘ஒரே தட்டில் எல்லாம் முடிவது வசதிதானே?’ என்று கேட்கலாம். வேண்டுமானால் அதைத் தனிக் கட்டளையாக வைக்கலாம். தெரியாமல் கைபட்டு நடக்கும்படி வைக்கக்கூடாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், பட்டியலைப் பயன்படுத்தியபின் மரண விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காட்டுக்குக் குறைந்தது. தலைப்பை மட்டும் ‘சரி’ என்று குறித்திருந்தால் அந்தப் பட்டியலால் என்ன பயன்?

பல செருகுநிரல்களின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. குறை கண்டால் முணுமுணுத்துவிட்டு நகர்கிறோம். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதி அனுப்பலாம். நான் அனுப்பிவிட்டேன்; தலைப்பைக் கிளைகளே தீர்மானிக்கும்படி சிறு திருத்தமும் எழுதி வருகிறேன். என் பட்டியலில் அதற்கு இன்னும் ‘சரி’ போடவில்லை.