இருபத்தாறின் மேல் ஏன் பழி?

26-ஆம் தேதி ஆகாத தேதி என்பதற்கு ஆதாரமாக நீட்டப்படுவது ஒரு பட்டியல். 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பம், 2003 டிசம்பர் 26 ஈரானின் பாம் நகரப் பூகம்பம், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2005 ஜூலை 26 மும்பை வெள்ளம், 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல். டிசம்பர் பிறந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இது வந்து விழும். அடியில் 2+6=8, எட்டு சனிக்குரிய எண் என்று விளக்கம்; அதற்கும் அடியில், பத்துப் பேருக்கு அனுப்பும்படி வேண்டுகோள். சனி பகவானுக்கும் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது போலும்.

பட்டியலின் நீளமான பதிப்புகளில் 1700 ஜனவரி 26-இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை உலுக்கிய கஸ்கேடியா பூகம்பமும் உண்டு. அதன் தேதியை அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. கடல் தாண்டி ஜப்பானை அடைந்த சுனாமியை அந்நாட்டார் குறித்திருந்ததை வைத்து, ஆய்வாளர்கள் 1996-இல் கணக்கிட்டுச் சொன்ன தேதி அது. நிலம் குலுங்கியபோது ஜப்பானில் 27 பிறந்துவிட்டது. அவர்கள் ஏட்டில் அது பன்னிரண்டாம் மாதம் 8. பழைய ஜூலியன் நாட்காட்டியை விடாதிருந்த இங்கிலாந்தில் அப்போது ஜனவரி 17. ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும் என்பதால் வருடமும் 1699. ஒரே குலுக்கலுக்கு 26, 27, 8, 17. இதில் எந்தத் தேதியைப் பார்த்து சனி வேலையைத் தொடங்கினார்?

கஸ்கேடியா அளவுக்குப் போக வேண்டாம், சுனாமியையே பார்க்கலாம். சுமத்ராவில் கடலடி நிலம் பிளந்தபோது நியூயார்க்கில் டிசம்பர் 25 இரவு, கிறிஸ்துமஸ் விருந்து நேரம். கிராகட்டோவா எரிமலையும் பட்டியலில் இருக்கிறது. 1883 ஆகஸ்ட் 26-இல் அதன் பெருஞ்சீற்றம் தொடங்கியது உண்மை. தீவையே சிதறடித்த வெடிப்பு மறுநாள் காலையில். அதையும் 26-இல் வரவு வைத்தாயிற்று.

1 முதல் 28 வரை எந்தத் தேதியும் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வரும். ரிக்டர் 7-க்கு மேற்பட்ட பூகம்பங்கள் உலகில் ஆண்டுக்குச் சுமார் 15; நூறாண்டில் அத்தகைய ஒவ்வொரு தேதிக்கும் ஏறக்குறைய ஐம்பது தேறும். தனுஷ்கோடியை 1964-இல் புயல் விழுங்கியது டிசம்பர் 22-23 இரவில். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகியது 2004 ஜூலை 16-இல். இவற்றுக்குப் பட்டியலில் இடமில்லை. குடியரசு நாளுக்கும், கியூரி தம்பதியர் ரேடியத்தை அறிவித்த 1898 டிசம்பர் 26-க்கும் இடமில்லை. கஸ்கேடியாவுக்கு மட்டும் உண்டு, அதுவும் கணக்குப் போட்டுக் கண்டெடுத்த தேதியோடு.

பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக் காசு வாங்குவோரும், வண்டி எண்ணின் கூட்டுத்தொகைக்காக ஆயிரங்களைக் கொட்டுவோரும் இந்தக் கடையின் கிளைகளே. அவர்களால் பணம்தான் போகும். 26-இன் மேல் போடும் பழியோ கேட்க வேண்டிய கேள்வியை மறைத்துவிடுகிறது. 2004-இல் பூகம்பம் நேர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29-க்கு. தமிழகக் கரையை அலை தொட அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பசிபிக்கில் 1940-களிலிருந்தே சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கிவந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது அப்படி எதுவும் இருக்கவில்லை. ஹைதராபாத்தில் இந்தியாவின் மையம் செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்.