நாவாயும் நேவியும்

நேவி என்பது நாவாயிலிருந்து வந்தது, கேஷ் காசிலிருந்து வந்தது, ஆங்கிலமே தமிழ் போட்ட பிச்சை. இந்தப் பட்டியலுக்கு இன்னும் எத்தனை நாள் கைதட்டப் போறோம்?

நேவி லத்தீன் நாவிஸிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கேஷ் கதை கொஞ்சம் சுவாரசியம். இந்தியா, சீனாவின் சில்லறை நாணயத்தை வெள்ளைக்காரன் கேஷ் என்று எழுதினான். அது நம்ம காசுதான். ஆனால் கடையில் நீட்டுகிற ரொக்கத்துக்கான கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஒலி பொருந்தினதும் உறவுன்னு முடிச்சுப்போட இது என்ன கல்யாணத் தரகர் வேலையா?

கேட்டமரான் நிஜமாகவே நம்முடையது. 1697இல் வெளியான பயண நூலிலேயே வில்லியம் டாம்பியர் அதை எழுதிவிட்டார். அப்புறம் என்ன ஆச்சு? கட்டுமரம் என்றால் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அமெரிக்கர் ஹெரஷாஃப் 1876இல் ஓட்டிய பந்தயப் படகுக்கு இரண்டு தனித்தனி உடல்கள். அதுவும் கேட்டமரான். இன்றைக்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் பணக்காரரின் உல்லாசப் படகுதான் நினைவுக்கு வரும். பெயர் கப்பலேறியது, மரம் இங்கேயே கிடக்கிறது.

1066க்குப் பிறகு ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் நுழைந்தன, ஏனென்றால் பிரெஞ்சு பேசியவர்கள் அங்கே ஆண்டார்கள். நம்மிடம் வந்தவன் வியாபாரி. விலை போகிற சரக்கின் பெயரைத்தான் எடுத்துப்போனான். சங்கு அங்கே சாங்க் ஆனது. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்பை மேற்பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். சங்கு சர்க்காருக்கு வருமானம் ஆச்சே!

முத்துச்சிப்பி கிடக்கிற கடலடித் திட்டுக்கு இங்கே 'பார்' என்று பெயர். தொலாயிரம் பார் ஆங்கில அறிக்கைகளில் வருகிறது, ஆனால் பேச்சு ஆங்கிலத்துக்குள் போகவில்லை. அது வெள்ளைக்காரன் பாடு. நம்ம பாடு என்ன? 1961க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. தூத்துக்குடியை ஒட்டிய எங்கள் புதுக்கோட்டையில், என் வயசுக்காரர்களிடம் பார் என்றால் சாராயக்கடைதான்.

இதே ஆட்கள்தான் ஜன்னல், சாவி, அலமாரி என்று எழுதினால் போர்ச்சுகீசியம்னு அடித்துத் திருத்துகிறார்கள். அவன் நம்மிடம் வாங்கினால் பெருமை, நாம் வாங்கினால் கறையா?

கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த கிழவர்கள் கடற்கரையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு அன்னைக்குப் போங்க.