மாஜி தரகர்களின் அருள்வாக்கு

கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பதையும், கிளி ஜோசியனிடம் சீட்டெடுப்பதையும் பாமரர்களுடைய மூடத்தனம் என்று ஏளனம் செய்கின்ற படித்த கூட்டத்தார், தங்களுக்கென்று தனியாக ஒரு ஜோசியரை வைத்துக்கொண்டிருக்கின்றார்கள். அவருக்கு ரிட்டயர்டு ஷேர் புரோக்கர் என்று பெயர். காலையில் பூங்காவில் நடக்கும்போதும், கலியாணப் பந்தியிலும், காப்பிக் கடையிலும் அவரைச் சுற்றி நாலு பேர் கூடிக்கொண்டு, "சார், எதை வாங்கலாம்? எது ஏறும்?" என்று கேட்கின்றார்கள். அவரும் குரலைத் தாழ்த்தி ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லுகின்றார். கேட்டவர் மறுநாளே மகள் படிப்புக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்து அதில் கொட்டுகின்றார். ஏனையா என்றால், "அவர் முப்பது வருஷம் மார்க்கெட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர்" என்று பதில் வருகின்றது.

அந்த முப்பது வருஷத்தில் அவர் செய்த வேலைதான் என்ன? பிறர் வாங்கியதற்கும் விற்றதற்கும் நடுவில் நின்று தரகு வாங்கினார். வாங்கினவன் கெட்டாலும் விற்றவன் கெட்டாலும் தரகுக்குக் கெடுதலில்லை. மண்டிக்கடையில் முப்பது வருஷம் தராசு பிடித்தவன், அடுத்த தையில் நெல் என்ன விலை விற்கும் என்று சொல்லிவிட முடியுமா? தராசு பிடிக்கத் தெரிந்தது வாஸ்தவம். அதற்கு மேல் தெரிந்ததாகச் சொல்லுவது புரட்டு. சென்னை இரண்டாவது லைன் பீச்சிலிருந்த சென்னைப் பங்குச் சந்தையே, பம்பாயில் 1994-ல் திரை வியாபாரம் துவக்கிய தேசிய பங்குச் சந்தைக்கு முன் நிற்கமாட்டாமல் மெலிந்து, 2015-ல் சந்தை என்ற நிலையையே விட்டு விலகிற்று. தாங்கள் உட்கார்ந்திருந்த வீடே இராது என்பதை முன்கூட்டி அறிந்த தரகர் எத்தனை பேர்?

இது நமது துவேஷம் என்று யாராவது சொல்லக்கூடும். ஆதலால் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஆல்பிரெட் கோல்ஸ் என்பவர் 1933-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். பங்கு யோசனை சொல்லிப் பிழைத்த 16 ஸ்தாபனங்கள் 1928 முதல் 1932 வரை சொன்ன யோசனைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவற்றைக் கேட்டு நடந்திருந்தால், சாதாரணப் பங்குகளின் சராசரியைவிட வருஷத்துக்குச் சுமார் 1.4 சதவீதம் குறைவாகவே கிடைத்திருக்கும் என்று கண்டார். கூலி வாங்கிக்கொண்டு ஆபீசு வைத்து ஆராய்ந்தவர்கள் யோக்கியதையே இதுவானால், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சொல்லுவதற்கு என்ன யோக்கியதை இருக்கும்?

"அவர் சொன்னது ஆறு தடவை பலித்ததே" என்பார்கள். பலிக்காமல் என்ன செய்யும்? 64 பேர் ஆளுக்கொரு நாணயத்தைச் சுண்டிவிட்டு, பூ விழுந்தால் ஏறும் என்றும் தலை விழுந்தால் இறங்கும் என்றும் வாரத்துக்கொரு முறை சொல்லி வரட்டும். ஏறுவதும் இறங்குவதும் சமமாயிருந்தால், முதல் வாரம் 32 பேர் வாக்குப் பலிக்கும். அடுத்த வாரம் 16. இந்தப்படியே ஆறாவது வாரம் ஏறக்குறைய ஒருவர் மிஞ்சுவார். அந்த ஒருவரை மகான் என்று நாம் கும்பிடுகின்றோம். மற்ற 63 பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜோசியன் பிழைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

நிற்க, "அவர் காசு வாங்குவதில்லையே, தர்மத்துக்குத்தானே சொல்லுகின்றார்" என்று மற்றொரு சமாதானம். கட்டணம் வாங்கி யோசனை சொல்லும் தொழில் செய்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று செபி 2013-ல் விதி செய்திருக்கின்றது. இனாமாகச் சொல்லுகின்றவரோ அந்த வலையில் அகப்படுவது அரிது. ஆகையால் அவரை நாமேதான் கேட்கவேண்டும்: ஐயா, தாங்கள் சொல்லும் அந்தப் பங்கு தங்களிடம் எவ்வளவு இருக்கின்றது? என்ன விலைக்கு வாங்கினீர்கள்? ஏனென்றால் சின்னக் கம்பெனியின் பங்கை மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் அதைப் புகழ்ந்து, நம்பினவர்கள் விழுந்து வாங்கி விலை ஏறினவுடன் அவர்கள் தலையிலேயே விற்றுவிட்டுப் போவது இத்தொழிலில் வெகு பழைய பித்தலாட்டம். எல்லா மாஜி தரகர்களும் இப்படிச் செய்கின்றார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. யோக்கியமாகத் தப்புச் சொல்லுகின்றவரை நம்பினாலும் போவது நம் பணந்தான்.

எவ்வளவு போகின்றது தெரியுமா? எதிர்காலப் பேரம், ஆப்ஷன் என்னும் இரண்டு சூதாட்டங்களில் இறங்கிய தனி நபர்களின் கணக்கை செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. மூன்று வருஷத்தில் 100-க்கு 93 பேர் நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதில் மனைவியின் நகை எவ்வளவு, அவளைக் கேளாமலே எடுத்த பணம் எவ்வளவு என்பதற்கு எந்தக் கணக்குப் புத்தகமும் இல்லை.

இதில் பாமர மக்களை மாத்திரம் குற்றம் சொல்லுவதற்கில்லை. மின்யந்திரத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடிக்கணக்கில் கைமாறுகின்ற பம்பாய்ச் சந்தைகள் தீபாவளியன்று விடுமுறை விட்டு, ஒரு மணி நேரம் மட்டும் 'முகூர்த்த வியாபாரம்' நடத்துகின்றன. தேசிய பங்குச் சந்தையின் தலைமை நிர்வாகியாயிருந்தவரோ, அதன் இரகசியங்களை இமயமலைச் சித்தபுருஷர் ஒருவருக்கு எழுதி அனுப்பி வந்ததாக செபியின் 2022 பிப்ரவரி உத்தரவு கூறுகின்றது. தலைமைப் பீடத்தில் சித்தர்; பூங்காவில் தரகர்.

மாஜி தரகரிடம் கேட்கத் தகுந்த விஷயமே இல்லையா என்றால், தாராளமாக இருக்கின்றது. ஒப்பந்தச் சீட்டை எப்படிப் படிப்பது, தரகும் வரியும் போக மிஞ்சுவது எவ்வளவு, இறந்துபோன புருஷன் பேரிலுள்ள பங்குகளைப் பெண்சாதி தன் பேருக்கு மாற்றிக்கொள்ள எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்பவை அவர் கையாலேயே செய்து பழகிய வேலைகள். இவற்றை அவர் இனாமாகச் சொல்லிக் கொடுத்தால் அது மெய்யான உபகாரமாகும். ஆனால் இதை எவரும் கேட்பதில்லை. "எது ஏறும்?" என்றுதான் கேட்கின்றார்கள். இனி அப்படிக் கேட்கின்றவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகட்டும். அவர் சொல்லும் பெயரையும் அன்றைய தேதியையும் விலையையும் அவர் எதிரிலேயே எழுதி, அடியில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லட்டும். மறுநாள் காலை அவர் வேறு பூங்காவில் நடந்துகொண்டிருப்பார்.