கடை சின்னதுதான், சட்டமும் சின்னதா?



நம்ம தோழர்களில் பாதிப்பேர் கடைக்காரர்கள். பெட்டிக்கடை, டீக்கடை, சலூன், அயர்ன் கடை, மெஸ், ஜவுளிக்கடை என்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி குழப்பம், ஆன்லைன் கம்பெனிகளின் தள்ளுபடி, ஏறிக்கொண்டே போகும் வாடகை என இவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். அதற்காக நாம் குரல் கொடுக்கிறோம், இனியும் கொடுப்போம். அந்த உரிமையில்தான் இன்னொரு விஷயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

சமத்துவச் சட்டம் என்று பேச்செடுத்தாலே, "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குங்க, நாம தினம் ஆயிரம் ரெண்டாயிரம் பார்க்கிறவங்க, நம்மளை ஏன் இழுக்கறீங்க?" என்கிறார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு என்ன சொல்கிறது? மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எந்தக் குடிமகனையும் கடை, உணவகம், விடுதிக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது. அதில் பெரிய கடை, சின்னக் கடை என்ற பிரிவினையே கிடையாது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, சலவைக் கடையும் முடிதிருத்தும் கடையும் இதில் வருமா என்ற கேள்வி எழுந்தது. நாடி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் தயாராக இருந்தால், அந்த இடம் கடைதான் என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கம் தந்தார். ஆக, ஒரே ஒரு நாற்காலி போட்ட சலூனும் கடைதான்!

அடுத்து, 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976-ல் இது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தீண்டாமை பார்த்துக் கடைக்குள் விட மறுப்பது, பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தர மறுப்பது, பொருள் விற்க மறுப்பது, வேலை செய்து தர மறுப்பது எல்லாமே குற்றம். தண்டனை குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் ஆறு மாதம் சிறை. அபராதம் 500 ரூபாய்க்கு மேல் போகாது. "அஞ்சு நூறுதானே" என்று யாரும் சிரிக்க வேண்டாம். விற்க மறுத்த குற்றத்தில் தண்டனை வந்தால், கடை லைசென்ஸையே ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், தீண்டாமை காரணமாகத்தான் அது நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு.

"இப்ப எங்கேங்க இரட்டைக் குவளை இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். ஒருத்தருக்குக் கண்ணாடி கிளாஸ், அடுத்தவருக்கு மட்டும் பேப்பர் கப் என்றால் அதுவும் இரட்டைக் குவளைதான். எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுங்க, யாரும் கேட்கப்போவதில்லை. ஆளைப் பார்த்துக் குவளையை மாற்றினால் அது பாகுபாடு, பாகுபாடு குற்றம்.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? தின்பண்டம் வாங்க வந்த பள்ளிக் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனிமேல் தர மாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பும் காணொளி நாடு முழுக்கப் பரவியது. கைது நடந்தது, கடைக்கு சீல் வைத்தார்கள். மிட்டாய் வாங்க காசோடு வந்த பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருக்கும்? அந்தப் பிள்ளை கண்ட முதல் அரசாங்கம் அந்தப் பெட்டிக்கடைதான். அதனால்தான் சின்னக் கடை என்று விட்டுவிட முடியாது என்கிறோம்.

இதில் கடைக்காரர் பக்கமும் ஒன்று உண்டு. "நான் கொடுக்கத் தயார், ஊர்ல பெரிய மனுசங்க விட மாட்டேங்கறாங்க, மீறினா என் கடைக்கே யாரும் வர மாட்டாங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அதே 1955 சட்டத்தின் 7(2) பிரிவு. தீண்டாமை பார்க்க மறுத்ததற்காகத் தன் சொந்தச் சாதிக்காரரையே ஒருவர் ஒதுக்கிவைத்தால், ஒதுக்கிவைத்தவருக்கும் சிறை. அதாவது, நியாயமாக நடக்கும் கடைக்காரருக்குச் சட்டம் கேடயம். ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "எனக்குச் சட்டம் இருக்கு, உங்க கட்டுப்பாடு செல்லாது" என்று சொல்ல அது அவருக்குத் துணை நிற்கும். அப்படிச் சொல்கிறவர் கடையில் முதல் ஆளாகப் போய் டீ குடிக்க வேண்டியது நம்ம கட்சிக் கிளை.

சரி, வாடிக்கையாளர் மட்டும்தானா? கடையில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்களே! ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருக்கும் நம்ம வீட்டுப் பெண்களுக்காக, கேரளா 2018-லும் தமிழ்நாடு 2021-லும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கின. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. சட்டம் வந்துவிட்டது, எல்லாக் கடையிலும் ஸ்டூல் வந்துவிட்டதா? போய்ப் பாருங்கள். ஸ்டூல் இருந்தும் "உட்கார்ந்தா முதலாளி திட்டுவார்" என்ற பயம் இருந்தால், அந்த ஸ்டூலால் என்ன பயன்?

இன்னொன்று, சட்டம் சின்னக் கடையின் தோளில் தூக்க முடியாத சுமையை வைக்கவில்லை. பாலியல் தொல்லை தடுப்புச் சட்டப்படி, பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்கும் குறைவு என்றால் மாவட்டத்திலிருக்கும் குழுவிடம் புகார் தரலாம். குழு அமைப்பதில்தான் விலக்கு, தொல்லை கொடுப்பதற்கு எந்தக் கடைக்கும் விலக்கில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், திருநர்களுக்குப் பொருளோ சேவையோ மறுக்கக் கூடாது என்ற 2019 சட்டமும் இப்படித்தான். மனிதரை மனிதராக நடத்து என்பதுதான் அடிப்படை.

இதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போடுங்கள். ஒரே மாதிரி கிளாஸ் கொடுக்கச் செலவு எதுவும் இல்லை. வேலையாள் உட்கார ஒரு ஸ்டூல். சக்கர நாற்காலி ஏற, வாசல்படியில் சின்னதாக ஒரு சாய்தளம். பண்டிகைக்குப் போடும் சீரியல் செட் செலவை விட இது பெரிதா?

1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு, பெயர்ப் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற ஒரு சொல்லை எதிர்த்துத் தந்தை பெரியார் போராட்டம் நடத்தினார். தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அவர்கள் சிறைக்குப் போய் வாங்கித் தந்த மண்ணில், நம்ம கொடி கட்டிய கடையிலேயே பாகுபாடு இருந்தால் நாம் எந்த முகத்தோடு மேடை ஏறுவது?

எனவே கடை வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் கடையை நீங்களே ஒரு சுற்று பாருங்கள். எல்லோருக்கும் ஒரே கிளாஸா? வேலையாளுக்கு உட்கார இடம் இருக்கிறதா? அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளமா? சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. குறை இருந்தால் இன்றே சரிசெய்யுங்கள்.

கடை இல்லாத தோழர்களுக்கு: பாகுபாடு கண்ணில் பட்டால் வீடியோ எடுத்துப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். முதலில் பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் விருப்பத்தோடு காவல் நிலையத்துக்குக் கூடப் போங்கள். வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வணிகர் உரிமைக்கும் நாம் நிற்போம், வாசலில் வந்து நிற்பவர் உரிமைக்கும் நிற்போம்.

#எல்லோருக்கும்_ஒரே_குவளை
#சமத்துவம்